மலையகத்து மண்ணில் நுண்ணுயிர் ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு

மலையகத்தில் மண் நுண்ணுயிர்ச் சமுதாயங்களைப் பற்றி முதுதத்துவமாணியோ கலாநிதிப் பட்டமோ செய்ய எண்ணியிருக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். இந்தத் துறைக்கு நல்ல பாடநூல்கள் இருக்கின்றன. ஆய்வு முறைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் தேயிலை மலையில் மண் எடுத்து, உறைய வைத்து, டி.என்.ஏ. பிரித்து, கடல் கடந்து அனுப்பி, வந்த தரவை ஆராய்ந்து எழுதி முடிக்கும் வரை இந்த வேலை நம் நாட்டில் எந்தெந்த இடத்தில் அறுந்துபோகும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. எனக்கு முன் இதே வழியில் போனவர்களில் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள். இங்கே இருந்தவர்களுக்குத் தங்கள் பாட்டைப் பார்க்கவே நேரம் போதவில்லை. தனியாகத்தான் பட்டேன். அதில் சில ஆண்டுகள் போயின. சொந்தப் பணமாக மட்டும் ஆறு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் போயிற்று.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். ஒரே தோட்டத்தில், ஒரே உரம் போட்டு, ஒரே மழை பெய்கிற இரண்டு மலைகளில் ஒன்று கொழுந்தாகக் கொட்டும், மற்றது மஞ்சள் பூத்து நிற்கும். "அது செத்த மலை" என்பார் அப்பா. மண் எப்படிச் சாகும் என்ற கேள்விதான் என்னை விவசாய பீடம் வரை கொண்டு போனது.

பல்கலைக்கழகத்தில் அதற்குப் பாதி விடை கிடைத்தது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஆய்வுகூடத் தட்டில் வளர்த்துப் பார்க்கக் கூடியவை அவற்றில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். மீதியை அறிய மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.யைப் பிரித்து, இனத்தை அடையாளம் காட்டும் பகுதிகளாக, பற்றீரியாவுக்கு 16எஸ் மரபணுவையும் பங்கசுக்கு ஐ.டி.எஸ். பகுதியையும் வாசிக்கிறோம். 2006இல் நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் 98 மண்களை ஒப்பிட்டு, பற்றீரியாக்களின் பல்வகைமையைத் தீர்மானிப்பதில் வெப்பநிலையையும் அகலாங்கையும் விட மண்ணின் பி.எச். மதிப்பே (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) முந்தி நிற்கிறது என்று காட்டினார்கள். நடுநிலை மண்ணில் பல்வகைமை அதிகம், அமில மண்ணில் குறைவு. தேயிலைக்கு உகந்த பி.எச். 4.5 முதல் 5.5 வரை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தூரவில் பயிரிடத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலை நிற்கும் நாடு இது. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் ஆண்டாண்டாக விழுந்ததில் பல மலைகளில் அமிலத்தன்மை அந்த எல்லையையும் தாண்டிவிட்டது. அத்தகைய மண்ணில் நைதரசனை மாற்றிக் கொடுக்கும் உயிர்கள் எவை? அமோனியாவை ஒட்சியேற்றுவது பெரும்பாலும் நடுநிலை மண்ணின் வேலை என்றே பழைய நூல்கள் சொல்லி வந்தன. கடும் அமிலத்திலேயே அதைச் செய்யும் ஓர் ஆர்க்கியா (பற்றீரியாவைப் போலத் தெரியும், ஆனால் வேறு வகையான ஒற்றைக்கல நுண்ணுயிர்), ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பக்கத்து வயல் மண்ணிலிருந்து 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் மலைகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதல் தடை தோட்டத்திலேயே வந்தது. மண் எடுக்க அனுமதி தருபவர் தோட்டத்துரை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறியதிலிருந்து துரைமார் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். எனக்கு அனுமதி தந்தவர் நல்ல மனிதர், வாய்ச்சொல்லாகவே எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். சில மாதங்களில் அவருக்கு மாற்றம் வந்தது. அடுத்த முறை நான் போனபோது ஒப்பீட்டுக்காக வைத்திருந்த மலையில் கவ்வாத்து வெட்டி முடிந்திருந்தது. செடியடியில் குனிந்து பார்த்தேன். கறுத்த மண்ணின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கங்காணி என்னைக் கண்டதும் கிட்ட வந்து, "மகள், முந்தாநாள்தான் இந்த மலைக்கு டொலமைட் போட்டு முடித்தோம். உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். டொலமைட் போட்டால் பி.எச். ஏறும், பி.எச். ஏறினால் நுண்ணுயிர்ச் சமுதாயமே மாறும். அந்த மலை ஒப்பீட்டுக்கு இனி உதவாது. கானோரத்தில் உட்கார்ந்து அழுதேன். கங்காணி ஒன்றும் பேசாமல் பக்கத்திலேயே நின்றார்.

ஆகவே அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துரையின் பெயருக்கு அல்லாமல் பதவிக்கு எழுதி, கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்த மலை, எந்த எல்லை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அதற்குள் கவ்வாத்து, உரம், டொலமைட், களைநாசினி எது நடந்தாலும் முன்னறிவிப்புத் தேவை என்பது அதில் இருக்கட்டும். கடிதத்தை விட முக்கியமான ஒன்று உண்டு: கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர்களுடைய எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்த மலையில் என்ன வேலை என்பது காலைப் பெரட்டில், அதாவது வேலை பங்கிடும் கூட்டத்தில், முடிவாகிறது. அந்த இடத்தில் உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். உரம் போட்ட பதிவேட்டைப் பார்க்க முடிந்தால் பழைய பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். என் ஆய்வேட்டில் பரிசோதகர்கள் இருவருமே பாராட்டிய அட்டவணை, மலைவாரியாக நான் தொகுத்த அந்த உர வரலாறுதான்.

மாதிரி எடுப்பது பற்றி ஒரு செய்தி. தேயிலைச் செடியடி மண்ணும் இரு வரிசைக்கு நடுவிலுள்ள மண்ணும் ஒன்றல்ல. உரம் விழுவதும் வேர் கூடுவதும் சருகு சேர்வதும் வெவ்வேறு இடங்களில். எங்கே குத்துகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்து அதையே கடைசி வரை பின்பற்ற வேண்டும். ஒரே மலையில் முப்பது இடத்தில் மண் எடுத்தாலும் அது ஒரு மலையைப் பற்றிய செய்தியே. முப்பது சான்றுகள் ஆகாது. ஹர்ல்பர்ட் 1984இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார், இன்றும் நம் பக்கத்து ஆய்வுகள் பல இதில்தான் திருப்பி அனுப்பப்படுகின்றன. எனக்கு இதைத் தலையில் அடித்துச் சொன்னவர் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் ஒருவர். அவர் புண்ணியத்தால் குறைந்த மாதிரிகளை அதிக மலைகளிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு மலைக்கும் தனித்தனியே அனுமதி, அட்டைக்கடி, பஸ் கூலி எல்லாம் கூடின. அந்தச் செலவுக்கு நான் வருந்தவே இல்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. தோட்டங்கள் திண்டாடின, அம்மா வேலை செய்த மலையிலும் கொழுந்து குறைந்தது. ஓர் ஆய்வாளராக எனக்கு அது மறுபடி கிடைக்காத வாய்ப்பு. தடைக்கு முன் எடுத்த மண் என்னிடம் உறைநிலையில் இருந்தது. தடைக்குப் பின் அதே மலைகளில் மீண்டும் எடுத்தேன். நைதரசன் உரம் திடீரென்று நின்றபோது நைதரசனை மாற்றும் அந்த உயிர்கள் என்ன செய்தன என்று நாடளவில் நடந்த ஒரு மாற்றத்தின் முன்னும் பின்னும் பார்க்கலாம். நவம்பரில் தடை விலக்கப்பட்டாலும் விலை பல மடங்காகிவிட்டதால் பல மலைகளுக்கு உரம் வரவில்லை. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் 300 மில்லியன் கிலோவுக்கு அருகில் இருந்தது, 2022இல் 250 மில்லியன் அளவுக்கு விழுந்தது. இந்த இறக்கத்தின் அடியில் மண்ணுக்குள் நடந்ததை அறிய என்னிடம் பை பையாக மண் இருந்தது. டி.என்.ஏ. பிரிக்கும் உபகரணப் பெட்டி மட்டும் வரவில்லை. கொரோனாவால் பல்கலைக்கழகம் மூடியிருந்தது, பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு வங்கியில் டொலர் இல்லை. மாதிரிகள் –80 பாகை பிரீசரில் காத்திருந்தன.

2022 பெப்ரவரியில் மின்வெட்டு தொடங்கியது, மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. நம் கட்டடத்துக்கு மின்பிறப்பாக்கி இருந்தது, அதற்கு ஊற்ற டீசல் இல்லை. டீசல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட காலம் அது. ஆய்வு மாணவி ஒருத்தியின் மண்ணுக்காக டீசல் கேட்பதற்கே எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அம்மா அடுப்புக்கு விறகு தேடிக்கொண்டிருந்தார். கதவைத் திறக்காமல் வைத்தால் பிரீசர் சில மணி நேரம் தாங்கும். ஆனால் குளிர் முழுவதும் மீளுமுன்னே மின்சாரம் மறுபடி போனால், ஒவ்வொரு சுற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. நான் வந்து பார்க்கும் நேரங்களில் திரையில் –60 இருந்தது, பிறகு –35. ஊரடங்கும் எரிபொருள் இன்மையும் சேர்ந்து சில நாட்கள் என்னால் வரவே முடியவில்லை. மறுபடி வந்து கதவைத் திறந்தபோது தட்டின் ஓரத்தில் தண்ணீர் நின்றது. மேலிருந்த பையைத் தொட்டேன். விரல் உள்ளே அழுந்தியது. பையின் மேல் எழுதிய மை கரைந்து ஊதா நிறமாக ஒழுகி, பக்கத்துப் பையின் எண்ணையும் மூடியிருந்தது. ஈர மண்ணின் வாசம். எனக்கு எப்போதும் பிடித்த வாசம், அன்று வயிற்றைப் புரட்டியது.

உருகிய மண்ணை மீண்டும் உறைய வைத்துப் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்டார்கள். இதைப் புதியவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உறைந்து உருகும்போது பல கலங்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் சத்தைத் தின்று, வேகமாகப் பெருகும் சில இனங்கள் மட்டும் மேலெழுகின்றன. டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது. அதற்குப் பிறகு நாம் வாசிப்பது பிரீசருக்குள் உருவான சமுதாயத்தை, மலையில் இருந்ததை அல்ல. இது எனக்குத் தெரிந்திருந்தது. மேற்பார்வையாளர் "எதற்கும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம்" என்றபோது மறுத்துவிட்டேன். தடைக்கு முன் எடுத்து உறைய வைத்த மண் முழுவதும் அப்படிப் போனது. அந்த மண்ணை இனி எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது. பல வாரங்கள் ஆய்வுகூடத்துப் பக்கமே நான் போகவில்லை. படிப்பை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகச் சொன்னார்கள், நானும் விண்ணப்பங்களை நிரப்பத் தொடங்கினேன். அந்த மனநிலையில் யாரிடமாவது பேசுங்கள். நான் யாரிடமும் பேசவில்லை, அதனால் துக்கம் நீண்டது.

இனி, என்னை எழுப்பிவிட்ட பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மாதிரி எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை நிழலில் காய வைத்து, சலித்து, கடித உறையில் போட்டு, மரப்பெட்டியில் வைத்திருந்தேன். பி.எச். பார்க்கவும் காபன், நைதரசன் அளக்கவும் வைத்தது அது. ஒருவரும் மதிக்காத பெட்டி. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் 1843இல் தொடங்கிய புரோட்பாக் கோதுமைப் பரிசோதனையின் காய்ந்த மண் மாதிரிகள் பல பத்தாண்டுகளாகச் சேமிப்பில் இருக்கின்றன. அந்தப் பழைய மண்ணிலும் பற்றீரியாவின் டி.என்.ஏ. எஞ்சியிருப்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காய வைக்கும்போது சில இனங்கள் குறையும், ஆகவே காய்ந்ததையும் உறைந்ததையும் கலந்து ஒப்பிடக் கூடாது. ஆனால் முன்னதும் பின்னதும் ஒரே விதமாகக் காய்ந்திருந்தால் ஒப்பிட வழி உண்டு. தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த மண்ணை நான் ஒரே விதமாகத்தான் காய வைத்திருந்தேன். என் ஆய்வேடு அந்தக் கடித உறைகளின் மேல்தான் எழுந்தது.

ஆகவே உறைபதத்தை மட்டும் நம்ப வேண்டாம். மண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று உறைய, ஒன்று காய, ஒன்று உடனே டி.என்.ஏ. பிரிக்க. மலையில் எடுத்த வாரத்திலேயே டி.என்.ஏ. பிரித்துவிட முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எதனோலில் வீழ்படிவாக்கிய டி.என்.ஏ. அறை வெப்பநிலையிலும் பல நாள் கெடாது. உறைந்த பங்கை இரண்டு கட்டடங்களில், முடிந்தால் இரண்டு ஊர்களில் வையுங்கள். பிரீசரில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல்களை அடுக்குங்கள். நிறைந்த பிரீசர் காலியான பிரீசரை விட நெடுநேரம் குளிரைப் பிடித்து வைக்கும். வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்தான், அதை உள்ளே போட்டு வையுங்கள். மாதிரி உருகியதா இல்லையா என்று ஊகிக்க வேண்டிய நிலை வராது. பைகளில் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டையும் உள்ளே இடுங்கள். மை கரையும், பென்சில் கரையாது.

மின்சாரமில்லாத அந்த மாதங்களில்தான் பழைய முறைகளின் அருமையை உணர்ந்தேன். டி.என்.ஏ. வந்த பிறகு மண்ணின் மூச்சை அளக்கும் முறையைப் பழங்கதையாக நினைக்கும் போக்கு இருக்கிறது. மூடி இறுகிய ஜாம் போத்தலில் மண்ணையும் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலையும் வைத்தால், நுண்ணுயிர்கள் விடும் காபனீரொட்சைட்டைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். பிறகு அமிலத்தால் நியமித்தால், அதாவது துளித்துளியாகச் சேர்த்து அளந்தால், எவ்வளவு மூச்சு விட்டன என்பது தெரியும். மின்சாரம் வேண்டாம், டொலர் வேண்டாம். மொத்த நுண்ணுயிர்த் திணிவை அறியக் குளோரோபோம் புகையிட்டு, பிறகு பொற்றாசியம் சல்பேற்றுக் கரைசலால் பிரித்தெடுக்கும் முறையை 1987இல் வான்ஸ், புரூக்ஸ், ஜென்கின்சன் மூவரும் தந்தார்கள். அதற்கு முன்பிருந்த, புகையிட்ட மண்ணை அடைவைத்து அளக்கும் முறை கடும் அமில மண்ணில் தவறான விடை தரும். தேயிலை மண்ணுக்குப் பிரித்தெடுக்கும் முறையையே எடுங்கள். இதைக் கவனிக்காமல் பழைய கைநூலைப் பின்பற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தேயிலைப் பை முறை. 2013இல் கெய்ஸ்காம்பும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. கடையில் விற்கும் பச்சைத் தேயிலைப் பையையும் தென்னாப்பிரிக்க ரொய்போஸ் பையையும் எட்டுச் சென்டிமீற்றர் ஆழத்தில் மூன்று மாதம் புதைத்து, எடுத்துக் காயவைத்து நிறுத்துப் பார்ப்பது. பச்சைத் தேயிலை விரைவாக உக்கும், ரொய்போஸ் மெதுவாக உக்கும். இரண்டின் எடை இழப்பிலிருந்து உக்கும் வேகத்தையும், உக்காமல் நிலைத்து நிற்கும் பங்கையும் கணக்கிடலாம். உலகெங்கும் ஒரே பை என்பதால் நம் மலையை ஐரோப்பிய வயலோடு ஒப்பிட முடிகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நடுவில் பையின் வலைத்துணி மாறியது, ஆகவே ஓர் ஆய்வுக்கு ஒரே வகைப் பையை வாங்கி வையுங்கள். பை புதைத்த அன்று கொழுந்தெடுக்கும் அக்காமார் சுற்றி நின்று, தேயிலை மலையில் தேயிலையையே புதைப்பது ஏன் என்று கேட்டார்கள். நான் விளக்கினேன். மூன்று மாதம் ஒரு பை கூடக் காணாமல் போகவில்லை, அடையாளக் குச்சி சாய்ந்தால் நிமிர்த்தி வைத்தது அவர்கள்தான்.

டொலரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவில். என் ஆய்வு நிதி ரூபாயில் ஒதுக்கப்பட்டது. டி.என்.ஏ.யை வரிசைப்படுத்தும், அதாவது அதன் எழுத்து வரிசையை வாசிக்கும் செலவும் உபகரணப் பெட்டியும் டொலரில். கையில் இருந்த நிதி ஒரே பருவத்தில் பாதியளவுக்குச் சுருங்கியது, அரசு செலவுக் கட்டுப்பாட்டில் மீதியும் நின்றது. நகையை அடகு வைத்தும் தங்கையின் சீட்டுப் பணத்தைக் கடன் வாங்கியும் ஈடுகட்டினேன். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. ஒரு மண் மாதிரியை வரிசைப்படுத்தும் செலவு அம்மாவின் பல நாள் உழைப்பு. ஒவ்வொரு குழாயையும் கையில் எடுக்கும்போது அந்தக் கணக்கு மனத்தில் ஓடும், கை நடுங்கும். நிதிக்கு விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுச் செலவை டொலரிலேயே குறிப்பிட்டு, மாற்று விகித ஏற்றத்துக்கென்று தனி ஒதுக்கீடு கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது. பணம் வந்தவுடன் முதலில் இரசாயனங்களை வாங்குங்கள், மேசை நாற்காலியைப் பிறகு பார்க்கலாம்.

டி.என்.ஏ. பிரிக்கும் பெட்டி கைக்கு வந்த பிறகும் தேயிலை மண் சும்மா விடாது. பிரித்தெடுத்த டி.என்.ஏ. தெளிந்த நீராக இருக்க வேண்டும். எனக்கு வந்தது பழுப்பு நிறம். அது ஹியூமிக் அமிலம், டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். நொதியத்தை முடக்கிவிடும். புதியவர்கள் இதைக் கண்டு மண்ணில் டி.என்.ஏ.யே இல்லை என்று எண்ணிப் பெட்டிகளை வீணாக்குகிறார்கள். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், மாட்டுச் சீரம் அல்புமின் சிறிது சேருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும். ஒவ்வொரு தொகுதியிலும் மண் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே படிகளில் கொண்டுபோய், அதையும் வரிசைப்படுத்துங்கள். உபகரணப் பெட்டியிலேயே அந்நிய டி.என்.ஏ. இருக்கும் என்பது 2014இல் தெளிவாகக் காட்டப்பட்டது. செலவு மிச்சம் என்று வெற்றுக் குழாயை விட்டுவிட்டால், மதிப்பாய்வாளர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரும்பாடு. பல நாடுகள் அந்நிய மண்ணை அனுமதிப்பத்திரம் இல்லாமல் உள்ளே விடா. பிரித்த டி.என்.ஏ.யை அனுப்புவது அதை விட எளிது, எடையும் குறைவு, உலர்பனிக்கட்டியும் தேவைப்படாது. காட்டு மண்ணோடு ஒப்பிட நினைக்கிறவர்கள் முன்கூட்டியே தொடங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஒரு கைப்பிடி மண் எடுப்பதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும்.

என்னை மிகவும் காயப்படுத்தியது மின்வெட்டு அல்ல. வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்குழு என் டி.என்.ஏ.யை இலவசமாக வரிசைப்படுத்தித் தர முன்வந்தது. நன்றியோடு அனுப்பினேன். தரவு வர மாதங்கள் ஆயின. பிறகு ஒரு நாள் கட்டுரையின் வரைவு வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், மண் சேகரிப்பில் உதவியவர்களுள் ஒருத்தியாக இருந்தது. கேள்வியும் மலைகளின் தெரிவும் உர வரலாறும் என்னுடையவை. அன்று வந்த கோபம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. என்னைக் காப்பாற்றியவை பழைய மின்னஞ்சல்களும், தேதி போட்டு எழுதிய களக் குறிப்பேடும். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு இரண்டாம் ஆசிரியராக என் பெயர் சேர்ந்தது. மூலத் தரவும் கைக்கு வந்தது. அனுப்புமுன்னரே எழுதி வாங்கியிருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லி வருகிறேன். யார் முதல் ஆசிரியர், தரவு யாருடையது, மூலக் கோப்பு எத்தனை நாளில் திரும்ப வரும், மீந்த டி.என்.ஏ. என்ன ஆகும் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி இரு பக்கமும் ஒப்பமிடுங்கள். தரவு கைக்கு வந்ததும் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. மரபணுத் தரவுக் காப்பகத்தில் உங்கள் பெயரில் பதிந்து, கட்டுரை வரும் வரை வெளியிடாமல் நிறுத்தி வைக்கலாம். அந்தப் பதிவெண்ணே போதுமான சான்று.

தரவை ஆராய்வதில் பெரிய கணினி இல்லையே என்று கலங்க வேண்டாம். தேவையான மென்பொருள்கள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் இரவு முழுவதும் ஓட விட்டால் முடிந்துவிடும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவையும் தனியே சேமித்தேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வரிசைப்படுத்தும் எந்திரம் தருவது விகிதங்களை. ஓர் இனத்தின் பங்கு கூடினால் அது மண்ணில் உண்மையில் பெருகிவிட்டது என்று பொருளாகாது, மற்றவை குறைந்திருக்கலாம். உரம் நின்ற மலைகளில் சில குழுக்களின் பங்கு ஏறியதைக் கண்டு நான் துள்ளியபோது, ஜாம் போத்தலில் அளந்த மூச்சும் குளோரோபோமில் அளந்த திணிவும் குறைந்திருந்தன. அந்த இரண்டு பழைய அளவைகளும் இல்லாவிட்டால் தலைகீழான முடிவை அச்சில் ஏற்றியிருப்பேன்.

கடைசியாக, பதிவு நீடிப்பு. நம் சூழலில் குறித்த காலத்தில் முடிப்பவர் அரிது. காலம் கடந்தால் ஒவ்வொரு தவணைக்கும் கட்டணம் ஏறும், எனக்குப் போன பணத்தில் கணிசமான பங்கு அதில்தான் போயிற்று. காலக்கெடு முடியுமுன்னரே நீடிப்புக்கு விண்ணப்பியுங்கள். மின்சார சபை வெளியிட்ட மின்வெட்டு அட்டவணை, பிரீசரின் வெப்பநிலைப் பதிவு, இறக்குமதி தாமதமானதைக் காட்டும் முகவரின் கடிதம், கெட்டுப்போன பைகளின் படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக இணையுங்கள். பொதுவாக "நாட்டு நிலைமை காரணமாக" என்று எழுதிக் கொடுத்த என் முதல் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. சான்றுகளோடு கொடுத்த அடுத்ததை ஏற்று, ஒரு தவணைக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள்.